ஊர்வழக்கம் ஆன காட்சி

எத்தனை முறை தாலியறுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை. நாடக மேடையில் அறுத்தேன், சினிமாவில் அறுத்தேன், கடைசியில் சீரியலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையுமாக அறுத்தேன். கல்யாணம் மட்டும் ஒருமுறைகூட ஆகவில்லை. பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன். சிரிக்காவிட்டால் இந்தம்மாவுக்குத் திமிர் என்று எழுதிவிடுவார்கள்.

இப்போது நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாங்கிய விருதைப் பற்றியும் கூட நடித்தவர்களைப் பற்றியும் எழுதச் சொல்கிறார்கள். அதெல்லாம் கிடக்கட்டும். என் தம்பி மகன் செத்த பிறகு, அவன் பெண்டாட்டி தலையில் ஒரு வலை விழாமல் தடுக்கப் பார்த்தேன். எனக்கு எழுத இருப்பது அது ஒன்றுதான்.

நான் பிறந்தது பழவேற்காடு ஏரிக்குள் ஒரு குப்பம். பசியாவரத்தைத் தாண்டிப் படகில் போக வேண்டும். பெயரை எழுத மாட்டேன், அந்த ஊர்ப் பெண்கள் இன்னும் அங்கேயேதான் குடும்பம் நடத்த வேண்டும். ஏரி கடலோடு சேரும் இடத்தை முகத்துவாரம் என்போம். வீட்டுக்கு ஒரு ஆளையாவது அது வாங்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் நைனாவை, என் அப்பாவை, வாங்கியது. அப்போது நான் பாவாடை கட்டிய பெண், தம்பி இடுப்புக் குழந்தை.

நைனாவின் காரியத்தன்று அம்மாவை ஏரிக்கு அழைத்துப் போனார்கள். தாலியறுத்த கிழவிகள் நாலைந்து பேர் சேலைகளைச் சுற்றிப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். ஒரு சேலை முனையை என் கையில் கொடுத்து, முகத்தை வெளியே திருப்பிக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே ஒருத்தி தாலிச்சரட்டை அவிழ்த்துப் பால் சொம்பில் போட்டாள், எண்ணெய் தடவி வளையலைக் கழற்றினாள் என்பதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குக் கேட்டது தண்ணீர் மொள்ளும் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் அம்மா வேறு சேலையில் வெளியே வந்தாள். ஆம்பிளைகள் யாரும் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கம் அவ்வளவுதான். புருஷன் போனதே போதாதா, அதற்கு மேல் ஒரு கொடுமை எதற்கு என்று யோசித்த ஒருத்திதான் அதை ஏற்படுத்தியிருக்க வேண்டும். அவளுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அதன் பிறகு அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்கு வந்து மீன் விற்றாள். அந்தப் பக்கம் ஒரு நாடகக் குழுவில் அழத் தெரிந்த பெண் வேண்டும் என்று தேடினார்கள். அம்மா என்னை இழுத்துப்போய் நிறுத்தினாள். "சும்மா அழுவறதுக்காடி துட்டு தராங்க?" என்று வழியெல்லாம் கேட்டாள். அவளுக்கு அது நம்பவே முடியாத அதிசயம். அவள் அதுவரை ஓசியிலேயே அழுதுகொண்டிருந்தவள்.

மேடையில் அழுதே பெயர் வாங்கினேன். பிறகு சினிமாவில் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றேன். வசனம் இல்லாத வேலைக்காரி, ஒரு வரி பேசும் பக்கத்து வீட்டுக்காரி என்று மெதுவாக ஏறி வரும்போதுதான் அந்தப் படம் வந்தது. மீனவப் பெண்ணின் கதை. இயக்குநர் எங்கே எடுக்கலாம் என்று அலைந்துகொண்டிருந்தார். என் ஊரில் எடுங்கள் என்று பெருமையாக நான்தான் சொன்னேன். தம்பியும் அதற்குள் ஊருக்கே திரும்பிப்போய், மாமன் படகில் தொழில் கற்றுக்கொண்டு, கல்யாணமும் செய்திருந்தான்.

இயக்குநருக்கு ஏரி பிடித்திருந்தது, மறைப்புப் பிடிக்கவில்லை. "சேலைக்குப் பின்னாடி நடந்தா கேமரா எதைம்மா பாக்கும்?" என்றார். அவர் தொழிலுக்கு நியாயமான கேள்விதான். யோசித்து யோசித்து ஒரு காலையில் வந்து காட்சியை விளக்கினார். உச்சி வெயில், திறந்த கரை. கல்லால் வளையலை உடைக்கிறார்கள். ஏரிச் சேற்றை அள்ளிப் பொட்டின் மேல் பூசுகிறார்கள். செத்தவனின் வலையை அவள் தலைமேல் வீசி, நாலு பெண்கள் நாலு பக்கமும் பிடித்துக் கரையோடு இழுத்துப் போகிறார்கள். "அவன் பிடிச்ச கடைசி மீன் அவதான்மா" என்று விளக்கம் வேறு.

எங்கள் ஊரில் பெண்கள் வலையைத் தாண்டக்கூட மாட்டார்கள். கரையில் வலை காய்ந்தால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதை அவரிடம் சொன்னேன். "அப்படியா? அப்ப இன்னும் நல்லது" என்றார்.

சினிமாக்காரர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, என்னைப் பூப்போலத்தான் பார்த்துக்கொண்டார்கள். வலை கடையில் வாங்கிய புது வலை. அடிபடக்கூடாதென்று ஈயக் குண்டுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். வளையல்களைத் தட்டினால் உடையும்படி அரத்தால் ராவி வைத்திருந்தார்கள். சேற்றைக்கூடத் துணியில் சலித்தார்கள். வசனம் எழுதியவர் மேற்கே எங்கோ மலைப்பக்கத்துக்காரர், ஏரியையே அந்த வாரம்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார். வெயில் தாங்காமல் குடைக்குள் உட்கார்ந்து ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: 'உப்புத் தண்ணிக்கு வாக்கப்பட்டேன், உப்பாவே கரைஞ்சி போனேன்.' வலையின் நாலு முனையையும் ஊர்ப் பெண்களே பிடித்தார்கள். அதில் ஒருத்தி என் தம்பி பெண்டாட்டி. கல்யாணமாகி வந்த புதுசு, கேமராவைப் பார்த்து அவள் சிரித்துவிட்டதில் ஒரு டேக் வீணாயிற்று.

படம் ஓடியது. எனக்கு விருது கொடுத்தார்கள். வலைக்குள் நான் வாயைத் திறந்துகொண்டு அழும் படத்தைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டு ஊர்ச் சாவடியில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அதற்குப் பிறகு எனக்கு வந்ததெல்லாம் விதவை வேஷம். தொடங்கும்போது பொட்டும் பூவுமாக ஒரு சீன், அப்புறம் படம் முடியும்வரை வெள்ளைச் சேலை. துவைத்துப் போட ஆள் இருந்தது, எனக்கென்ன.

ஊருக்கு நான் சாவுக்குப் போவேன், காரியத்துக்குத் தங்க மாட்டேன். தம்பி நோயில் இறந்தபோதும் அப்படித்தான் நடந்தது. எடுத்தபின் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் படகு ஏறினேன், மறுநாள் ஹைதராபாத்தில் படப்பிடிப்பு. போன வருஷம் தம்பி மகன் போனபோது எனக்கு வேலை இல்லை. சீரியலில் என் பாத்திரத்தைச் சாகடித்துப் போட்டோவாக்கி மாலை போட்டிருந்தார்கள். முகத்துவாரம் மண்ணடித்துக் கிடந்ததில் அலை தூக்கிப்போட்டு அவன் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். அவனுக்கு ஒரு கைக்குழந்தை, பக்கத்து ஊரான தோணிரேவிலிருந்து வந்த சின்னஞ்சிறு பெண்டாட்டி. நான் முதல் தடவையாகக் காரியம் வரை தங்கினேன்.

காரியத்துக்கு முதல் நாள் தம்பி பெண்டாட்டி கரையிலிருந்து மகனின் வலையைச் சுமந்து வந்து முற்றத்தில் போட்டாள். அன்றைக்குத்தான் படகோடு வெளியே எடுத்திருந்தார்கள், ஈரம் காயவில்லை. சேறும் நண்டு ஓடும் ஒட்டிக்கொண்டிருந்தன. யாருக்காவது கொடுக்கப்போகிறாள் போல என்று நினைத்துக் கேட்டேன்.

"காரியத்துக்கு அண்ணி. வெயில் ஏறினதும் போடலாம்னு சொல்லிக்கிறாங்க."

"எங்க போடறது?"

"இன்னா அண்ணி, தெரியாத மாதிரி கேக்கற? அவ மேலதான்."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் அவள் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"அது சினிமாம்மா. டைரக்டர் சொன்னது. நீயேதான் ஒரு முனைய புடிச்சிக்கினு நின்ன. சிரிச்சி ஒரு டேக்க கெடுத்த, நெனப்பில்ல?"

"சிரிச்சேன். அப்ப எனக்கு இன்னா தெரியும்." அவள் வலையிலிருந்து நண்டு ஓட்டைப் பிய்த்துப் பிய்த்துத் தூரப் போட்டுக்கொண்டிருந்தாள். "அப்பால எத்தினி பேருக்குப் போட்டாச்சு. உன் தம்பி போனப்ப எனக்கும்தான் போட்டாங்க. நீ இல்ல. எனக்குப் போட்டது பொய்னு இப்ப வந்து சொல்றியா?"

அவள் சொன்னதிலிருந்தும் பிறகு மற்றவர்களிடம் கேட்டதிலிருந்தும் எனக்குப் புரிந்தது இதுதான். படம் ஓடி முடித்த கொஞ்ச நாளில் ஊர்ப் பெரிய வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கிறது. நம் ஊரை உலகத்துக்கே காட்டிய சடங்காயிற்றே, பெரிய மனுஷனுக்கு அதைச் செய்தால்தான் கௌரவம் என்று செய்திருக்கிறார்கள். பெரிய வீட்டில் செய்ததைச் சின்ன வீட்டில் செய்யாவிட்டால் செத்தவனுக்கு மரியாதை இல்லை என்றாகும். அதனால் எல்லா வீட்டிலும் செய்தார்கள். பால் சொம்பு வழக்கம் தெரிந்த கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். படம் மட்டும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் டிவியில் வந்துகொண்டே இருந்தது.

"எம்புள்ளைக்கு மட்டும் ஒன்னியும் இல்லாம அனுப்பச் சொல்றியா அண்ணி?" என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள். அதற்கு மேல் அவளோடு எப்படிச் சண்டை போடுவது?

சாவடிக்குப் போனேன். ஊர்ப் பெரியவர் என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். படம் எடுத்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு நின்றவர் அவர். சுவரில் நான் வலைக்குள் அழுதுகொண்டிருந்தேன். அதற்கும் மாலை போட்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மறைப்பு, பால் சொம்பு, எண்ணெய், இயக்குநர் வெயிலில் நின்று யோசித்தது எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. டைரக்டரு இங்கியே தங்கி நம்மள பாத்துதான எடுத்தாரு? நம்ம ஊரு பொம்பளைங்கதான நின்னாங்க? பொய்யா இருந்தா உங்களுக்கு விருது குடுப்பாங்களா?"

"நடிச்சதுக்குக் குடுத்தாங்கய்யா!"

"அதான் சொல்றேன். அப்டியே உண்மையா இருந்திச்சி."

கோபத்தில் கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகப் பாடு பற்றிப் பேச ஆரம்பித்தார். ஏரியில் இறால் விழும் நல்ல இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று எங்கள் ஊரில் குடும்பத்துக்கு முறை உண்டு, அதுதான் பாடு. குடும்பத் தலைவன் செத்தால் மகன் ஆளாகும்வரை அந்த முறையை வேறொருவர் கட்டி, வீட்டுக்குப் பங்கு கொடுப்பார்கள். அதற்கு ஊர் ஒப்ப வேண்டும். "ஊர்வழக்கத்த மதிக்கிற வீட்டுக்குதான் ஊரு நிக்கும். பொம்பளைங்க வந்து முறையா நடந்திச்சினு சொல்லட்டும், குழந்தை பேர்ல பாட்ட எழுதிட்றோம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

அந்தச் சின்னப் பெண்ணின் அப்பா தோணிரேவிலிருந்து வந்து, வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "எங்க ஊர்ல பால் சொம்போட முடிஞ்சிரும்மா. இந்த வல சமாச்சாரம்லாம் அங்க கெடையாது" என்றார். அப்படியானால் வந்து பேசுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "பொண்ணு குடுத்த ஊரும்மா. நாங்க இன்னா பேச முடியும்?" என்று கையை விடுவித்துக்கொண்டார்.

கடைசியில் அந்தப் பெண்ணிடமே போனேன். உள்ளறையில் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "என்கூடக் கிளம்பு. பழவேற்காட்டுக்குப் படகு நிக்குது, அங்கேருந்து கார் வெச்சுப் போயிடலாம். குழந்தையையும் தூக்கிக்கோ. நான் இருக்கிறவரைக்கும் உனக்கு ஒரு குறையும் வராது" என்றேன். மனசார சொன்னேன். ஆனால் சொல்லும்போதே அது எங்கேயோ பேசிய வசனம் மாதிரி என் காதுக்குக் கேட்டது.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "பாடு போயிடும் அத்தே. இவனுக்கு அதான இருக்குது." குழந்தையின் தலையைத் தடவினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு அழுவையே வர்ல அத்தே. அவர கொண்டாந்து போட்டாங்களே, அன்னிக்கு அழுதது. அப்பால வரவே இல்ல. நாளைக்கு எல்லாரும் பாப்பாங்க. அழுவலனா இன்னா சொல்லுவாங்க?" என்றாள்.

"ஒண்ணும் அழ வேணாம். சும்மா இரு" என்றேன். சோறு வேண்டாம், காற்றைக் குடி என்று சொன்னதுபோல என்னைப் பார்த்தாள்.

மறுநாள் வெயில் ஏறியதும் கரையில் ஊரே கூடியது. எனக்கு முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் ஜில்லென்று ஒரு கலர் பாட்டிலைக் கொடுத்தார்கள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசிவரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆம்பிளைகளும் நின்றார்கள். ஆளுக்கு ஒரு செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

வளையலைக் கல்லால் அடித்தார்கள். அரத்தால் ராவாத கண்ணாடி வளையல் எளிதில் உடையாது. இரண்டு கையும் கிழிந்து ரத்தம் விரல் நுனிவரை ஓடியது. சேற்றில் கிளிஞ்சல் தூள் இருந்தது, நெற்றியில் தேய்த்தபோது தோல் சிவந்து வீங்கியது. வலையை வீசினார்கள். ஈயக் குண்டுகள் மண்டையிலும் தோளிலும் விழுந்த சத்தம் நான் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது. அவள் மடங்கி விழுந்தாள். இழுத்தார்கள். ஒரு முனையை என் தம்பி பெண்டாட்டி பிடித்திருந்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே இழுத்தாள்.

அப்போது வலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "உப்புத் தண்ணிக்கு வாக்கப்பட்டேன்..." என்று எடுத்து, ஒரு நொடி நிறுத்தி, "உப்பாவே கரைஞ்சி போனேன்" என்று முடித்தாள்.

என் குரல் அது. ஏற்றம், இறக்கம், கடைசியில் தொண்டை கட்டிக்கொள்வது எல்லாம் என்னுடையது. நடுவில் நிறுத்தினாளே, அதுகூட. படம் எடுத்த அன்று ஏரித்தண்ணீர் என் வாய்க்குள் போய்விட்டது, அதைத் துப்ப முடியாமல் விழுங்கினேன். அதுதான் அந்த இடைவெளி. அதையும் சேர்த்து இந்தப் பெண் மனப்பாடம் செய்திருந்தாள். அழுகிறாளா நடிக்கிறாளா என்று நான் உற்றுப் பார்த்தேன். நாற்பது வருஷமாக அழுதே சோறு தின்ற எனக்கே தெரியவில்லை. சுற்றிலும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "நிறுத்துங்கடி! விடுங்கடி அவள!" என்று கத்தினேன். கண்ணீர் தாரையாக ஓடியது. ஒரு கணம் எல்லாரும் திரும்பினார்கள். செல்போன்களும் திரும்பின. பக்கத்தில் நின்றவள் அடுத்தவளிடம், "அக்காவ பாருடி, இந்த வயசுலயும் அப்டியே படத்துல மாதிரியே" என்றாள். வலையைப் பிடித்திருந்தவர்கள் எனக்காக ஒரு கணம் மரியாதையாக நின்றார்கள். பிறகு இழுத்தார்கள்.

எல்லாம் முடிந்து அவளை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். மற்றவர்கள் கதவுக்கு வெளியே வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். பாடு எழுதுவதற்காக அவர்களில் யார் சாவடிக்குப் போய் என்ன சொல்வது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் சொம்பில் தண்ணீர் எடுத்து அவள் நெற்றிச் சேற்றைக் கழுவினேன். மணிக்கட்டில் ஏறியிருந்த கண்ணாடித் துண்டை நகத்தால் எடுத்தேன். அவள் முனகவில்லை. கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"அத்தே" என்றாள். "சரியாப் பண்ணேனா?"

வாசலில் பேச்சு நின்றது. அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைபோல அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாப் பண்ணினம்மா" என்றேன். வாசல் வரைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.